பிடித்த வாயுவை எங்கே வைப்பது?



சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், நம் முத்தாபுதுப்பேட்டைப் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பங்கு இல்லத்தின் வாயிலில் வந்து நின்றார். வடசென்னைப் பகுதியில் அனல் மின் நிலையம் ஒன்றின் கொதிகலன் பிரிவில் முப்பத்தோர் ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். விடியுமுன் ஆவடியில் இரயிலேறி, பேசின் பாலத்தில் வண்டி மாறி வேலைக்குச் சென்ற அந்த நாள்களைப் பற்றி எப்போதும் பெருமையோடு பேசுபவர். அன்று முகத்தில் அந்தப் பெருமை இல்லை. சட்டைப் பையிலிருந்து நாளிதழ்த் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"சாமி, என் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். போன வாரம் சாப்பிடும்போது, 'தாத்தா, நீங்கள் எரித்த கரியால்தானே மழை இப்படிக் கொட்டுகிறது' என்று கேட்டுவிட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது புகையில் இருக்கிற வாயுவைப் பிடித்துப் பூமிக்குள்ளே புதைத்துவிடலாம் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறது. இதை அவளிடம் காட்டலாமா, சாமி?"

நான் உடனே விடை கூறவில்லை. குருமடத்தில் நான் கற்றது மெய்யியலும் இறையியலுமேயன்றி வேதியியல் அன்று. ஆயினும் நேர்மையாய் உழைத்த ஒருவருக்குச் சோறு இறங்காமற் செய்த கேள்வியை 'அது அறிவியலாரின் வேலை' என்று தள்ளிவிட மனம் ஒப்பவில்லை. துண்டை வாங்கி வைத்துக்கொண்டேன். அதன்பின் படித்தறிந்தவற்றையே இம்மாதம் உங்கள்முன் வைக்கிறேன்.

பேத்தியின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளத்தையும் நாம் மறக்கவில்லை. இவ்வெள்ளத்திற்கு இன்ன புகைபோக்கிதான் காரணம் என்று எந்த அறிஞரும் விரல் நீட்டிச் சொல்லமாட்டார். ஏரியைத் தூர்த்து மனை போட்டவர்களுக்கும், அம்மனையை மலிவாய்க் கிடைத்ததென்று வாங்கிய நமக்கும் அதில் பங்குண்டு. எனினும் பொதுவான உண்மை ஐயத்திற்கு இடமற்றது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அது போர்வைபோல் பூமியின் வெப்பத்தை வெளியேறவொட்டாமல் தடுக்கிறது. சூடேறிய கடலிலிருந்து மிகுதியான ஈரம் எழுகிறது. வெப்பக் காற்று அதனை மிகுதியாகச் சுமக்கிறது. கொட்டும்போது மிகுதியாகவே கொட்டுகிறது.

நிலக்கரியிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. நினைவில் வைக்க எளிதான கணக்கு இது. இரு மாதத்திற்கு 100 யூனிட்டை நம் மாநில அரசு வீடுகளுக்கு இலவசமாகத் தருகிறது. அவை நிலக்கரியால் பிறந்தவையாயின் அவ்விலவசத்தின் எடை 100 கிலோ. ஆலயத்தின் மின்விசிறிகளும், ஒலிபெருக்கியும், தேர்த் திருவிழாவுக்கு நாம் கட்டும் வண்ணவிளக்குத் தோரணங்களும் இக்கணக்கில் அடங்கும். ஆகவே 'தாத்தா எரித்த கரி' என்பது பாதி உண்மையே. எரித்தவர் அவர், எரிக்கச் சொன்னவர்கள் நாம்.

இனி அந்த நாளிதழ்த் துண்டுக்கு வருவோம்.

அனல் மின் நிலையத்தின் புகை முழுவதும் கரியமில வாயு அன்று. பெரும்பகுதி நைட்ரஜன், நூற்றில் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்குதான் நாம் பேசும் வாயு. அதை மட்டும் தனியே பிரித்தெடுக்கவேண்டும். உயர்ந்த கோபுரம் ஒன்றில் கீழிருந்து புகையை ஏற்றி, மேலிருந்து ஒரு வேதியியற் கரைசலைத் தூறலாய்ப் பொழிவிக்கிறார்கள். கரைசல் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்கிறது. எஞ்சிய புகை மேலே போய்விடுகிறது. பற்றிய கரைசலை வேறொரு கோபுரத்திற்குக் கொண்டுபோய்ச் சூடேற்றினால், அது தன் பிடியை விட்டுவிடும். வாயு தனியே கிடைக்கும். கரைசல் பழைய கோபுரத்திற்கே திரும்பும். இம்முறை 1930-ஆம் ஆண்டுகளிலிருந்தே இயற்கை எரிவாயுவைத் தூய்மையாக்கப் பயன்பட்டு வந்துள்ளது. சூடேற்றவேண்டும் என்றேனே, அச்சொல்லை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய அமைப்பொன்று நம் தமிழகத்திலேயே, முத்துக்குளித்துறை மறைமக்களின் நகரான தூத்துக்குடியிலேயே நிறுவப்பட்டது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் அண்டு ஃபெர்டிலைசர்ஸ் என்னும் தொழிற்சாலையின் முதன்மைப் பொருள் சலவைச் சோடா. அதற்கு உப்பு வேண்டும், அம்மோனியா வேண்டும், கரியமில வாயுவும் வேண்டும். உப்புக்குத் தூத்துக்குடியில் என்ன குறை! வாயுதான் நம்பிக்கையாகக் கிடைக்கவேண்டியிருந்தது. எனவே தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே அதனைப் பிடிக்கும் அமைப்பை அத்தொழிற்சாலை 2016-இல் இயக்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிப்பதற்கான அமைப்பு அது. அதற்குரிய கரைசலை ஆக்கியளித்தது கார்பன் கிளீன் என்னும் நிறுவனம், காரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அனிருத்த சர்மா, பிரதீக் பம்ப் ஆகிய இரு இளைஞர்கள் 2009-இல் தொடங்கியது. நம் நாட்டில் முதலீடு கிட்டாமல் அவர்கள் இங்கிலாந்துக்குச் செல்லவேண்டியதாயிற்று. (நம் வீட்டுப் பிள்ளைகளின் திறமையை நாம் உணர்வதற்கு முன் வெளிநாட்டார் உணர்ந்துவிடுவது புதிதன்று.) அரசின் மானியம் ஏதுமின்றி இவ்வேலை நடந்ததுதான் 2017 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளை வியக்க வைத்தது.

தொழிற்சாலையின் தலைவர் அப்போது செய்தியாளர்களிடம் ஒளிவுமறைவின்றிப் பேசினார். உலகைக் காப்பாற்றும் எண்ணம் தமக்கு இருந்ததில்லை என்றும், தொழிலுக்கு வாயு வேண்டும், அதற்கு இதுவே நல்ல வழியாய்த் தெரிந்தது என்றும் கூறினார். இதைப் படித்தபோது லூக்கா நற்செய்தியின் பதினாறாம் அதிகாரத்தில் வரும் கண்காணிப்பாளன் நினைவுக்கு வந்தான். அவன் புனிதன் அல்லன். ஆயினும் அவனுடைய முன்மதியைத் தலைவர் மெச்சினார் அன்றோ! நல்ல காரியம் நல்ல நோக்கத்தோடுதான் நடக்கவேண்டும் என்று காத்திருந்தால் இவ்வுலகில் பல காரியங்கள் நடவா. அவ்வளவில் தூத்துக்குடியாரை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் பிடித்த வாயு எங்கே போயிற்று?

சோடாவுக்குள் போயிற்று. சோடா எங்கே போயிற்று? ஒரு பகுதி கண்ணாடித் தொழிற்சாலைக்கு. அங்கே மணலோடு சேர்த்து உலையில் உருக்கும்போது அதிலுள்ள கரியமில வாயு மறுபடி வெளியேறிவிடுகிறது. சோடாவின் உடன்பிறப்பான சமையல் சோடாவை நம் தாய்மார்கள் ஆப்பமாவில் ஒரு சிட்டிகை போடுகிறார்களே, மாவைப் பொங்க வைக்கும் குமிழிகள் இதே வாயுதான். புகைபோக்கி வழியே வெளியேறாதது பின்னொரு நாள் உலை வழியாகவோ ஆப்பச்சட்டி வழியாகவோ வெளியேறுகிறது. சோடாவுக்கென்று வேறெங்கோ எரிபொருளை எரித்தோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டோ வாயுவை உண்டாக்கவேண்டிய தேவை நீங்கியது. அது மெய்யான நன்மை. எனினும் கடன் தீரவில்லை. தவணை தள்ளிப்போடப்பட்டது, அவ்வளவே.

அளவையும் பாருங்கள். எண்ணூரை அடுத்த வல்லூர் அனல் மின் நிலையத்தின் திறன் 1,500 மெகாவாட். அது முழு வேகத்தில் ஓடினால், தூத்துக்குடியில் ஓராண்டு முழுவதும் பிடிக்கக்கூடிய 60,000 டன்னை ஏறத்தாழ இரண்டே நாளில் வெளியிட்டுவிடும். அத்தனை வாயுவையும் சோடாவாக்கினால் வாங்குவார் யார்? துவைக்கத் துணி ஏது?

எனவேதான் புதைக்கவேண்டும் என்கிறார்கள். இதில் முன்னோடி நார்வே நாடு. கடலில் எடுக்கும் எரிவாயுவோடு கலந்து வரும் கரியமில வாயுவை, 1996 முதல் ஸ்லைப்னர் என்னுமிடத்தில் கடலடிக்குக் கீழே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்திலுள்ள மணற்பாறைக்குள் செலுத்தி வந்திருக்கிறார்கள். பல்லாண்டுகளாக ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன் அளவில். அவ்வளவு ஆழத்தின் அழுத்தத்தில் வாயு ஏறக்குறைய நீர்மம்போல் அடர்ந்துவிடுகிறது. மணற்பாறை கடற்பஞ்சைப் போன்றது. அதன் நுண்துளைகளில் அது தங்கும். மேலே மூடியாக அமைந்த களிப்பாறை அதனை எழவிடாது. இந்நன்மை எதனால் விளைந்தது தெரியுமா? 1991-இல் நார்வே அரசு வெளிவிடும் கரியமில வாயுவுக்கு வரி விதித்தது. வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவாயிற்று. மனச்சான்று உறங்குமிடத்தில் வரி எழுப்பிவிட்டது!

நம் ஊரில் அவ்வாறு புதைக்கலாகுமா? புனித தோமையார் மலைக்கு ஏறிய அன்பர்கள் அங்குள்ள பாறையைக் கண்டிருப்பீர்கள். அதன் பெயர் சார்னோக்கைட்டு. கொல்கத்தா நகரை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இவ்வகைக் கல் சென்னையிலிருந்து சென்றது. அதனால் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்டு அப்பெயரைச் சூட்டினார். உறுதியில் இணையற்ற கல். கல்லறைக்கும் கோவிலுக்கும் ஏற்றது. ஆனால் வாயு புகுந்து தங்கத்தக்க துளைகள் அதில் இல்லை. தமிழகத்தின் பெரும்பகுதிக்கு அடித்தளம் இத்தகைய கடும்பாறைகளே. காவிரிப் படுகை போன்ற படிவுப்பாறைப் பகுதிகளை நோக்கித்தான் செல்லவேண்டும். அல்லது தக்காணத்து எரிமலைப் பாறைகளை. ஐஸ்லாந்தில் 2012-இல் எரிமலைப் பாறைக்குள் நீரோடு செலுத்திய வாயுவின் மிகப் பெரும்பகுதி இரண்டே ஆண்டுகளில் கல்லாகவே மாறிவிட்டதென 2016-இல் அறிவித்தார்கள். கேட்க மகிழ்ச்சியாயிருக்கிறது. ஆனால் எண்ணூரிலிருந்து அப்பாறைகள்வரை நெடுந்தூரம் குழாய் போடவேண்டும். வழியெல்லாம் மக்கள் வாழ்கிறார்கள்.

அம்மக்கள் அஞ்சினால் அதைப் பேதைமை என்று தள்ளலாகாது. 1986 ஆகஸ்டு 21 இரவு, ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் நியோஸ் என்னும் ஏரியின் அடியில் இயற்கையாகவே தேங்கியிருந்த கரியமில வாயு திடீரென வெளிப்பட்டது. அது காற்றைவிடக் கனமானதால் பள்ளத்தாக்கு வழியே நிலத்தோடு படர்ந்தது. உறக்கத்திலிருந்த ஏறத்தாழ 1,700 பேர் மூச்சடைத்து மாண்டார்கள். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் இவ்வாயுவைக் கொண்டுசெல்லும் குழாய் ஒன்று வெடித்தபோது, நாற்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. பாறைக்குள் கிடக்கும் வாயுவும் ஏரிக்குள் தேங்கிய வாயுவும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். ஆயினும் குழாய் தன் வயல்வழியே போகப்போகும் குடியானவனுக்கு அதை விளக்கிச் சொல்லும் கடமை குழாய் போடுபவருக்கு உண்டு.

மின் நிலையங்களில் இதுவரை நடந்தது என்ன? கனடாவில் பவுண்டரி டாம் என்னும் நிலையத்தில் 2014-இல் தொடங்கினார்கள். ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன் என்னும் இலக்கை எட்டத் தடுமாறினார்கள். அமெரிக்காவின் டெக்சாசில் பெட்ரா நோவா 2017-இல் தொடங்கியது; 2020-இல் எண்ணெய் விலை வீழ்ந்ததும் நிறுத்தினார்கள்; 2023-இல் மறுபடி தொடங்கினார்கள். எண்ணெய் விலைக்கும் வாயு பிடிப்பதற்கும் என்ன உறவு என்கிறீர்களா? இவ்விரு இடங்களிலும் பிடித்த வாயுவைப் பழைய எண்ணெய்க் கிணறுகளுக்குள் செலுத்தி, அடியில் ஒட்டிக்கிடக்கும் எண்ணெயை வெளியே தள்ளினார்கள். அந்த எண்ணெய் எரிந்தால் மறுபடி புகை! நம் நாட்டில், 4,760 மெகாவாட் திறனுடைய விந்தியாசல் நிலையத்தில் 2022-இல் ஓர் அமைப்பு நிறுவப்பட்டது. நாளொன்றுக்கு 20 டன். அந்நிலையம் முழுத் திறனில் ஓடும் நாளில் விடும் வாயுவோ ஒரு இலட்சம் டன்னை ஒட்டியது. முயற்சியை நகைக்கவில்லை; கடுகும் மரமாகும் என்று கற்பிப்பவர்கள் நாம். ஆனால் கடுகைக் காட்டி 'மரம் நிற்கிறது' என்று சொன்னால் அது பொய்.

குருமடத்தில் ஏழாம் கட்டளையைக் கற்பித்த எங்கள் ஆசிரியர், ஈடு செய்தலை விளக்க ஒரு கிணற்றைக் காட்டுவார். பிறன் கிணற்றில் குப்பை கொட்டியவன் மனம் வருந்தினால் மட்டும் போதாது, குப்பையை அள்ளவேண்டும். அள்ளியதை இன்னொருவன் கிணற்றில் கொட்டலாகாது. 'நாளையும் கொட்டுவேன், நாளை மறுநாள் அள்ளுவேன்' என்பவனுக்குப் பாவமன்னிப்பு அளிக்குமுன் குரு நன்றாக யோசிக்கவேண்டும். பழைய ஞானோபதேசத்தில் பிரதிக்கினை என்று கற்றோமே, அது அவனிடம் இல்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 'இறைவனைப் புகழுங்கள்' எனப் பொருள்படும் 'லவுதாத்தே தேயும்' என்னும் ஊக்கவுரையை 2023 அக்டோபர் 4 அன்று வெளியிட்டார். வாயுக்களை உறிஞ்சும் அல்லது பிடிக்கும் நுட்பங்கள் நம்பிக்கை அளிக்கின்றன என்பதை அதில் அவர் மறுக்கவில்லை. ஆனால் அடியில் சீர்கேடு தொடர்ந்துகொண்டிருக்க, மேலே விரிசலைப் பூசி மறைக்கும் மனப்பாங்கில் சிக்கிவிடவேண்டாம் என்று எச்சரித்தார். என் சிற்றறிவுக்கு இந்த எச்சரிக்கை மின் நிலையத்திற்கே சாலப் பொருந்துகிறது. சிமெண்டு ஆலையின் நிலை வேறு. அங்கே சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே வாயு வெளியேறுகிறது. எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது. அரியலூரில் சிமெண்டு ஆலை ஒன்றில் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் டன் பிடிக்கும் திட்டத்தை 2019-இல் டால்மியா நிறுவனம் அறிவித்தபோது, அதில் பொருள் இருந்தது. மின்சாரத்திற்கோ வேறு வழியுண்டு. முப்பந்தலின் காற்றும் கமுதியின் வெயிலும் புகை விடுவதில்லை.

இவற்றையெல்லாம் சென்ற ஞாயிறு மாலை பெரியவரை அமரவைத்துச் சொன்னேன். எண்ணெய்க் கிணற்றையும் நியோஸ் ஏரியையும் பொறுமையாய்க் கேட்டார். கோபுரத்தையும் கரைசலையும் மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு கேட்டது ஒரே கேள்வி.

"கரைசலைச் சூடேற்ற நீராவி எங்கிருந்து வரும், சாமி?"

"அதே கொதிகலனிலிருந்துதான், ஐயா. நிலையத்தின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு, சில இடங்களில் அதற்கு மேலும், இதற்கே போய்விடுகிறதாம்."

மேசைமேலிருந்த பென்சிலை எடுத்தார். முப்பத்தோர் ஆண்டுக் கொதிகலன் அனுபவம் அந்த விரல்களில் திரும்பி வந்ததை நான் கண்டேன். ஐந்நூறு மெகாவாட் யூனிட் ஒன்று, நாளுக்கு ஏழாயிரம் டன் கரி. ஐந்தில் ஒன்று போனால், அதே மின்சாரம் ஊருக்குக் கிடைக்க இன்னும் கால் பங்கு கரி எரிக்கவேண்டும். ஆயிரத்து எழுநூற்றைம்பது டன். நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். ஏறக்குறைய அறுநூறு டன்.

"இருபது டன் லாரி என்றால் முப்பது லாரி சாம்பல், சாமி. நாள்தோறும், இப்போது இருப்பதற்கு மேலே."

எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது பற்றிப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்ததை இருவரும் அறிவோம். அக்கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்து வாழ்பவர்களின் பெயரை நாங்கள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. வாயு பிடிபட்டாலும் சாம்பல் அவர்களிடம்தான் வரும்.

பெரியவர் நாளிதழ்த் துண்டைக் கேட்டு வாங்கினார். அதன் ஓரத்தில் அந்தக் கணக்கைச் சிறிய எழுத்தில் எழுதினார். இடம் போதாமல் துண்டைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினார்.

"இப்போது காட்டுகிறேன், சாமி" என்றார். "இரண்டு பக்கமும் படிக்கச் சொல்கிறேன்."